கழுத்துக் கறுப்பு அழுக்கு இல்லை! வீட்டிலேயே பாடி ஸ்க்ரப் செய்வது எப்படி, எங்கே நிறுத்த வேண்டும்?

“கழுத்தைப் பாரு, எவ்ளோ அழுக்கு! நல்லா தேய்ச்சுக் குளி.”

தமிழ்நாட்டில் வளர்ந்த பல பிள்ளைகள் ஒருமுறையாவது கேட்டிருக்கும் வசனம் இது. அப்போது கையில் கொடுக்கப்பட்டது பீர்க்கங்காய் நார். இப்போது அந்த இடத்துக்கு முப்பது விநாடி வீடியோ வந்துவிட்டது. அரை மூடி எலுமிச்சை, ஒரு கைப்பிடி சர்க்கரை, கொஞ்சம் சமையல் சோடா. எல்லாவற்றையும் கலந்து கழுத்திலும் முழங்கையிலும் பரபரவெனத் தேய்க்கிறார் ஒருவர். “ஒரே வாஷ்ல பளிச்!” என்று வீடியோ முடிகிறது.

சமையலறையில் இருக்கும் பொருட்களை வைத்து நல்ல பாடி ஸ்க்ரப் செய்ய முடியுமா? தாராளமாக முடியும். செலவும் குறைவு. ஆனால், அந்த வீடியோவில் சேர்த்த மூன்றில் இரண்டு பொருட்கள் தோலுக்கு ஆகாதவை. அதைவிட முக்கியம், கழுத்தில் தெரியும் அந்தக் கறுப்பு பல நேரம் அழுக்கே இல்லை. எதைச் சேர்க்கலாம், எதைத் தொடவே கூடாது, எப்போது ஸ்க்ரப்பை ஓரமாக வைத்துவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஸ்க்ரப் உண்மையில் என்ன செய்கிறது?

நம் தோலின் மேல் அடுக்குக்கு எபிடெர்மிஸ் என்று பெயர். அதன் அடியில் புதிய செல்கள் பிறந்துகொண்டே இருக்கும். அவை மெல்ல மெல்ல மேலே நகர்ந்து, தட்டையாகி, உயிரிழந்து, கடைசியில் உதிர்ந்துவிடும். இளம் வயதினருக்கு இந்தப் பயணம் முடிய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். வயது கூடக் கூட இந்த வேகம் குறையும்.

மேலே கடைசியாக நிற்கும் அந்த இறந்த செல்களின் அடுக்குதான் ஸ்ட்ராட்டம் கார்னியம். ‘இறந்த செல்’ என்றதும் அது வேண்டாத குப்பை என்று நினைத்துவிடக் கூடாது. செங்கல்லும் சாந்தும் வைத்துக் கட்டிய சுவர் போன்றது அது. செல்கள் செங்கல், அவற்றுக்கு இடையே இருக்கும் கொழுப்புப் பொருள் சாந்து. உடம்பின் ஈரம் வெளியே போகாமலும், வெளியில் உள்ள கிருமி உள்ளே வராமலும் காப்பது இந்தச் சுவர்தான்.

நல்ல ஸ்க்ரப்பின் வேலை, அந்தச் சுவரின் மேல் தானாகவே உதிரக் காத்திருக்கும் செல்களைக் கொஞ்சம் சீக்கிரமாக உதிர்த்துவிடுவது. அவ்ளோதான். அப்படி உதிர்ந்தால் தோல் தொடுவதற்கு மிருதுவாக இருக்கும், வெளிச்சம் சீராகப் பட்டு கொஞ்சம் பளபளப்பாகத் தெரியும். சுவரையே இடிக்கும் அளவுக்குத் தேய்த்தால் எரிச்சல், வறட்சி, கடைசியில் கருமை. ‘எவ்வளவு தேய்க்கிறோமோ அவ்வளவு நல்லது’ என்ற கணக்கு இங்கே செல்லாது.

பாட்டி வீட்டு ஸ்க்ரப்

ஸ்க்ரப் என்ற சொல்தான் புதுசு. பொருள் பழசு. சோப்பு எல்லா வீட்டுக்கும் வருவதற்கு முன்பு, எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள் அந்த எண்ணெயை எடுக்க மாவைத்தான் நம்பினார்கள். தலைக்குச் சீயக்காய், அரப்பு. உடம்புக்குப் பாசிப்பயறு மாவு. கல்யாண வீட்டில் நலங்கு வைக்கும் சடங்கிலும் மாவு உண்டுதானே!

நலங்கு மாவில் என்னென்ன சேரும் என்பது ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். பாசிப்பயறு, கடலைப்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, உலர்ந்த ரோஜா இதழ் ஆகியவை பெரும்பாலான பட்டியலில் இருக்கும். எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்து, மில்லில் கொடுத்து அரைத்து, சலித்து டப்பாவில் போட்டு வைப்பார்கள்.

இதில் இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, முதலில் எண்ணெய், அப்புறம்தான் மாவு. அதனால் மாவு வறண்ட தோலில் நேரடியாக உரசாது. எண்ணெயின் மேல் வழுக்கிக்கொண்டு, மிச்ச எண்ணெயையும் உறிஞ்சிக்கொண்டு போகும். இரண்டு, மாவைச் சலிப்பது. கரடுமுரடான துண்டுகள் சல்லடையிலேயே நின்றுவிடும். ‘உரசல் மிதமாக இருக்க வேண்டும்’ என்று இன்றைய தோல் மருத்துவர்கள் சொல்வதை அந்தச் சல்லடை எப்போதோ செய்துவிட்டது.

பழசு என்பதாலேயே எல்லாம் பாதுகாப்பு என்றும் சொல்லிவிட முடியாது. நலங்கு மாவில் சிலர் சேர்க்கும் கார்போகரிசி ஒரு உதாரணம். அந்த விதையில் சோராலன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. தோலில் சோராலன் இருக்கும்போது வெயில் பட்டால் சிவந்து, கொப்புளம் வந்து, கறுத்துப்போகும் வாய்ப்பு உண்டு. வெண்புள்ளி சிகிச்சையில் சோராலனையும் புற ஊதாக் கதிரையும் சேர்த்து மருத்துவர்கள் பயன்படுத்துவது இந்தக் குணத்தை வைத்துத்தான். மருந்தாக வேலை செய்யும் பொருளை அளவு தெரியாமல் வீட்டில் அரைத்துப் பூச வேண்டாம். மாவு அரைக்கும்போது கார்போகரிசியை விட்டுவிடலாம்.

அஞ்சறைப் பெட்டியில் எது சரி?

ஸ்க்ரப்புக்கு அடிப்படையில் மூன்று பொருட்கள் போதும். உரசுவதற்கு ஒன்று, வழுக்குவதற்கு ஒன்று, விரும்பினால் மணத்துக்கு ஒன்று.

சர்க்கரை: ஆரம்பிப்பவர்களுக்கு இதுதான் முதல் சாய்ஸ். காரணம் எளிது, தண்ணீர் பட்டால் கரையும். கொஞ்சம் அதிகமாகத் தேய்த்துவிட்டாலும் சர்க்கரையே கரைந்து ஆட்டத்தை நிறுத்திவிடும். பெரிய பரலாக இருந்தால் மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று ஓட்டினால் போதும். நைஸ் பவுடராக்கிவிட்டால் உரசலே இருக்காது. நாட்டுச் சர்க்கரை இன்னும் மிருது. ‘சர்க்கரையில் கிளைகோலிக் அமிலம் இருக்கு, அது தோலை உரிக்கும்’ என்று சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம். கிளைகோலிக் அமிலத்தைக் கரும்பிலிருந்து எடுக்கலாம் என்பது உண்மை. ஆனால், சுத்திகரித்து டப்பாவில் வந்து சேரும் வெள்ளைச் சர்க்கரையில் தோலை மாற்றும் அளவுக்கு அது கிடையாது. சர்க்கரை செய்வது வெறும் உரசல் வேலை.

உப்பு: இதுவும் கரையும். ஆனால், சின்னக் கீறல் இருந்தாலும் சுரீரென்று எரியும். தூள் உப்பைக் கால் பாதத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். கல் உப்பு வேண்டவே வேண்டாம், அதன் முனைகள் கூர்மையானவை.

காபித்தூள்: ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கிய பிறகு மிஞ்சும் சக்கை நல்ல ஸ்க்ரப். கரையாது என்பதால் சர்க்கரையைவிட உரசல் கொஞ்சம் அதிகம். சிக்கரி கலந்த தூளாக இருந்தாலும் பரவாயில்லை. புதுத் தூளை வீணாக்கத் தேவையில்லை. தொடையில் தெரியும் குழிக்குழியான கொழுப்பைக் காபி கரைத்துவிடும் என்பது ஆசை வார்த்தை. தேய்க்கும்போது ரத்த ஓட்டம் கூடி சிறிது நேரம் தோல் இறுகியதுபோலத் தெரியும், பிறகு பழையபடி ஆகிவிடும்.

பாசிப்பயறு மாவு, அரிசி மாவு, ஓட்ஸ்: மூன்றிலும் பயறு மாவுதான் நடுத்தரம். ஓட்ஸைப் பொடித்தால் மிக மிருது, வறண்ட தோலுக்கு ஏற்றது. அரிசி மாவு கொஞ்சம் நறநறவென்று இருக்கும். அதனால் கடையில் கிடைக்கும் நைஸ் மாவாக இருக்கட்டும், புட்டுக்கு உடைத்த மாவாக வேண்டாம்.

எண்ணெய்: தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டுமே சரி. ஆனால், முதுகிலும் மார்பிலும் பரு வருபவர்கள் தேங்காய் எண்ணெயைத் தவிர்ப்பது நல்லது. அது துவாரங்களை அடைத்துப் பருவைக் கூட்டலாம்.

தயிர், தேன்: தயிரில் லாக்டிக் அமிலம் உண்டு, ஆனால் மிக லேசாக. அதை நம்பி ‘கெமிக்கல் பீல்’ எதிர்பார்க்க வேண்டாம். மாவைக் குழைக்க அது நல்ல பொருள், அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். தேன் ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஒரு டீஸ்பூன் போதும்.

மூன்று ஸ்க்ரப்கள், மூன்று அளவுகள்

*1. சர்க்கரை – தேங்காய் எண்ணெய்*

அரை கப் சர்க்கரைக்குக் கால் கப் எண்ணெய். அதாவது இரண்டுக்கு ஒன்று. ஸ்பூனால் கலக்கினால் ஈர மணல் பதத்துக்கு வரும். எண்ணெய் மேலே மிதந்தால் இன்னும் ஒரு ஸ்பூன் சர்க்கரை, உதிர்ந்து கொட்டினால் ஒரு ஸ்பூன் எண்ணெய். மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்திருந்தால் சுடுநீரில் பாட்டிலை வைத்து உருக்கிக்கொள்ளலாம், அடுப்பில் காய்ச்ச வேண்டாம். கை, கால், முழங்கை, முழங்கால் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

*2. காபிச் சக்கை – நல்லெண்ணெய்*

தண்ணீர் வடிந்த காபிச் சக்கை 2 டேபிள்ஸ்பூன், சர்க்கரை 1 டேபிள்ஸ்பூன், நல்லெண்ணெய் 1 டேபிள்ஸ்பூன். கலந்த உடனே பயன்படுத்திவிட வேண்டும். சக்கையில் ஈரம் இருப்பதால் எடுத்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். கால், பாதத்துக்கு ஏற்றது. முகத்துக்கு வேண்டாம். குளித்து முடித்ததும் சக்கை முழுவதும் சாக்கடைக் குழாய்க்குள் போகாமல் ஜல்லடையில் நிற்பதை அள்ளிச் செடிக்குப் போட்டுவிடலாம். இல்லாவிட்டால் அடுத்த வாரம் பிளம்பருக்கு போன் செய்ய வேண்டி வரும்.

*3. பயறு மாவு – தயிர்*

பாசிப்பயறு மாவு 3 டேபிள்ஸ்பூன், கெட்டித் தயிர் 2 டேபிள்ஸ்பூன், விருப்பப்பட்டால் ஒரு சிட்டிகை கஸ்தூரி மஞ்சள். இட்லி மாவு பதத்துக்குக் கலந்தால் போதும். மூன்றிலும் இதுதான் மிருது. முதல்முறை முயற்சி செய்பவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். சமையல் மஞ்சளைச் சேர்த்தால் துண்டு, நகம் எல்லாம் மஞ்சளாகிவிடும், உஷார்.

எந்தக் கலவையாக இருந்தாலும் முதல்முறை முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு பொட்டு அளவு வைத்துப் பார்த்து, ஒரு நாள் காத்திருப்பது நல்லது. அரிப்போ சிவப்போ வந்தால் அந்தப் பொருள் உங்களுக்கு ஆகாது.

தேய்க்கும் முறைதான் பாதி வெற்றி

முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பை நனைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். தோல் கொஞ்சம் ஊறினால் உரசல் குறையும். கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணீர் வேண்டாம்.

அப்புறம் கையால் மட்டும் எடுத்து, சின்னச் சின்ன வட்டமாக, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். ஓரிடத்தில் அரை நிமிடம் போதும் என்பதுதான் அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமியின் ஆலோசனையும். முழங்கை, குதிகால் போன்ற தடித்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தேய்க்கலாம். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு போன்ற மெல்லிய இடங்களில் ஸ்க்ரப்பே தேவையில்லை.

கழுவிய பிறகு துண்டால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் முழுவதும் காய்வதற்குள் மாய்ஸ்சரைசரோ, ரெண்டு சொட்டு எண்ணெயோ தடவ வேண்டும். இந்தக் கடைசி ஸ்டெப்பைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு ‘ஸ்க்ரப் போட்டதும் தோல் வறண்டுபோச்சு’ என்று வருத்தப்படுகிறார்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? பெரும்பாலானோருக்கு வாரம் ஒருமுறை போதும். வறண்ட தோல் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. தேய்த்த மறுநாள் சோப்பு பட்டாலே எரிகிறது, தோல் இழுத்துப் பிடிக்கிறது, பளபளவென்று சிவந்திருக்கிறது என்றால் நீங்கள் அளவைத் தாண்டிவிட்டீர்கள். தோல் பழைய நிலைக்கு வரும்வரை நிறுத்திவிட வேண்டும்.

இன்னொரு விஷயம், எண்ணெய் சேர்த்த ஸ்க்ரப் போட்டுக் குளித்தால் பாத்ரூம் தரை வழுக்கும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், நீங்கள் வெளியே வருவதற்கு முன் தரையில் கொஞ்சம் சோப்புத்தூள் போட்டு ஊற்றித் தள்ளிவிடுங்கள். உங்கள் முழங்கையின் மென்மையைவிடப் பாட்டியின் இடுப்பெலும்பு முக்கியம்.

இதையெல்லாம் தொடவே வேண்டாம்

எலுமிச்சை: நம் தோலின் இயல்பே லேசான அமிலத்தன்மைதான். பி.எச். அளவில் சொன்னால் 5-ஐ ஒட்டி இருக்கும். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டியது. ஒவ்வொரு எண் இறங்கும்போதும் அமிலம் பத்து மடங்கு கூடும் என்பதால், வித்தியாசம் மூன்று மடங்கு இல்லை, சுமார் ஆயிரம் மடங்கு. அதோடு எலுமிச்சை வகைகளிலும், குறிப்பாக அவற்றின் தோலிலும், கார்போகரிசியில் பார்த்த அதே சோராலன் குடும்பத்துப் பொருட்கள் இருக்கின்றன. சாறு பட்ட கையோடு வெயிலில் போனால் தீக்காயம் போலக் கொப்புளம் வந்து, வாரக்கணக்கில் கருந்தழும்பு நிற்கலாம். மருத்துவத்தில் இதற்கு ‘ஃபைட்டோஃபோட்டோ டெர்மடைட்டிஸ்’ என்றே ஒரு பெயர் உண்டு. கறுப்பைப் போக்கப் பூசியது கறுப்பைக் கொண்டுவந்துவிடும்.

சமையல் சோடா: இது எதிர்த் திசை. பி.எச். 8-க்கு மேல். தோலின் காப்புச் சுவரைக் கலைத்துவிடும். எலுமிச்சையோடு சேர்த்தால் ‘புஸ்’ என்று நுரைக்கும், பார்க்க நன்றாக இருக்கும். அந்த நுரை கார்பன் டை ஆக்சைடு வாயு மட்டுமே, அழுக்கை எடுக்கும் சக்தி எதுவும் அதில் இல்லை.

டூத்பேஸ்ட், பட்டைத்தூள்: பேஸ்ட் பல்லுக்கு. பட்டை பிரியாணிக்கு. இரண்டுமே தோலில் எரிச்சலையும் ஒவ்வாமையையும் கிளப்பக்கூடியவை.

உடைத்த கொட்டை ஓடு, முட்டை ஓட்டுத் தூள்: எவ்வளவு அரைத்தாலும் ஓரம் கூராகவே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும்.

நைலான் நார்: ஸ்க்ரப்பே போடாமல், தினமும் நைலான் நாரால் முதுகைச் சுரண்டுபவர்களும் உண்டு. வருடக்கணக்கில் அப்படித் தேய்த்தால் முதுகிலும் கையிலும் சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் அலை அலையாகக் கருமை படியலாம். நைலான் டவலால் வரும் இந்தக் கருமையை ஜப்பான் மருத்துவர்கள் 1980-களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். இந்தியாவிலும் மேக்குலர் அமிலாய்டோசிஸ் என்ற கருமைப் பிரச்சினை சகஜம், அதில் உரசலுக்கு முக்கியப் பங்கு இருப்பதாகத் தோல் மருத்துவர்கள் கருதுகிறார்கள். தேய்க்கத் தேய்க்கக் கறுக்கும், கறுக்கக் கறுக்கத் தேய்ப்பார்கள். இந்தச் சுழலை உடைக்க ஒரே வழி, நாரைத் தூக்கி எறிவதுதான்.

அப்போ கழுத்துக் கறுப்பு?

இப்போது தொடங்கிய இடத்துக்கே வரலாம். பிள்ளையின் கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக, தடித்து, தொட்டால் வெல்வெட் துணி போல இருக்கிறதா? அக்குளிலும் அதே மாதிரி தெரிகிறதா? எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லையா? அது அழுக்காக இருக்க வாய்ப்பு குறைவு. ‘அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ்’ என்ற தோல் மாற்றமாக இருக்கலாம்.

இதற்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இன்சுலின் எதிர்ப்பு நிலை. சாப்பிட்ட மாவுச்சத்து சர்க்கரையாகி ரத்தத்துக்கு வரும்போது, அதைச் செல்களுக்குள் அனுப்ப இன்சுலின் சுரக்கிறது. செல்கள் இன்சுலினின் பேச்சைக் கேட்க மறுத்தால், உடம்பு இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கும். அப்படி ரத்தத்தில் கூடிப்போகும் இன்சுலின், தோல் செல்களையும் வேகமாக வளரத் தூண்டுகிறது. மடிப்பு விழும் இடங்களில் தோல் தடித்துக் கறுப்பது இதனால்தான். டைப் 2 சர்க்கரை நோய் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே உடம்பு கொடுக்கும் சிக்னலாகவும் இது இருக்கலாம். உடல் பருமன் உள்ளவர்களுக்கும், பிசிஓஎஸ் பிரச்சினை உள்ள பெண்களுக்கும் இது அதிகம் தெரியும். சில மருந்துகளாலும் வரலாம். பெரியவர்களுக்குத் திடீரென வேகமாகப் பரவினால், அரிதாக உள்ளே இருக்கும் வேறு நோயின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும், அதனால் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

இங்கேதான் ஸ்க்ரப் ஆபத்தாகிறது. தேய்ப்பதால் கறுப்பு போகாது என்பது ஒரு பக்கம். உரசலால் தோல் இன்னும் தடித்து இன்னும் கறுக்கும் என்பது இன்னொரு பக்கம். இதையெல்லாம் தாண்டி, ‘இந்த வாரம் காபி, அடுத்த வாரம் கடலை மாவு’ என்று மாற்றி மாற்றித் தேய்ப்பதிலேயே, ஒரு ரத்தப் பரிசோதனை செய்திருக்க வேண்டிய மாதங்கள் கழிந்துவிடுகின்றன.

பள்ளியில் ‘குளிக்கவே மாட்டியா?’ என்று கேலி கேட்கும் பிள்ளைக்கு, வீட்டிலும் அதே வார்த்தை கிடைத்தால் எப்படி இருக்கும்? தினமும் இரண்டு வேளை குளிக்கும் பிள்ளை, தன் உடம்பே அழுக்கு என்று நம்பத் தொடங்கிவிடும். கழுத்தைப் பார்த்ததும் நாரைத் தேடாமல், முதலில் டாக்டரிடம் காட்டுவதுதான் சரி. வெறும் வயிற்றில் சர்க்கரை அளவு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி ஆகிய இரண்டும் எளிய பரிசோதனைகள். காரணம் இன்சுலின் எதிர்ப்பாக இருந்தால், உணவு, உடற்பயிற்சி, எடைக் குறைப்பு மூலம் அதைச் சரிசெய்யச் சரிசெய்யக் கறுப்பும் மெல்ல மங்கும்.

இதேபோல இன்னொரு தவறான அடையாளம், மேல் கையின் பின்புறம் கோழித்தோல் போலத் தெரியும் சொரசொரப்பு. இதற்கு கெரடோசிஸ் பிலாரிஸ் என்று பெயர். முடித்துளையில் கெரட்டின் அடைப்பதால் வருவது. ஆபத்தில்லை, பலருக்கு வயதாக ஆகத் தானாகவே குறையும். வறட்டு வறட்டென்று தேய்த்தால் சிவந்து கூடிவிடும். மாய்ஸ்சரைசர் தொடர்ந்து போட்டாலே வித்தியாசம் தெரியும்.

யாரெல்லாம் ஸ்க்ரப் பக்கமே போகக் கூடாது?

எக்ஸிமா, சொரியாசிஸ் உள்ளவர்கள். சொரியாசிஸில் தோலைக் கீறினாலோ உரசினாலோ அந்த இடத்திலேயே புதுத் திட்டு வரலாம்.

படர்தாமரை, சிரங்கு, மரு உள்ளவர்கள். தேய்த்தால் ஓரிடத்தில் இருப்பதை உடம்பெங்கும் பரப்புவது போல ஆகிவிடும். தேமலும் பூஞ்சையால் வருவதுதான், அதற்குத் தேவை மருந்து.

வெயிலில் தோல் எரிந்திருப்பவர்கள், அன்றுதான் வேக்ஸிங் அல்லது ஷேவிங் செய்தவர்கள், பருவுக்கு ரெட்டினாய்டு கிரீம் பூசுபவர்கள். இவர்களின் தோல் ஏற்கெனவே மெலிந்தும் புண்பட்டும் இருக்கும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் பாதத்தில் ஸ்க்ரப் செய்யக் கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் கீறல் விழுந்தால் தெரியாது, ஆறவும் நாளாகும்.

கைக்குழந்தைகள். அவர்களின் தோல் பெரியவர்களின் தோலைவிட மெல்லியது. மாவு தேய்த்து நிறம் கொண்டுவரும் முயற்சியால் கிடைப்பது அரிப்பும் வறட்சியும்தான்.

‘சாப்பிடுற பொருள்தானே, தோலுக்கு என்ன ஆகிடப் போகுது?’ என்று கேட்பவர்களுக்கு ஜப்பானில் நடந்தது ஒரு பாடம். கோதுமைப் புரதத்தைப் பக்குவப்படுத்திச் சேர்த்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்தியவர்களில் 2,000-க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை ஒவ்வாமை வந்தது. அதுவரை கோதுமை உணவை நன்றாகச் சாப்பிட்டு வந்தவர்கள் அவர்கள். வயிறு ஏற்றுக்கொள்ளும் உணவை, தோல் வழியாக வரும்போது உடம்பு எதிரியாக நினைத்துக்கொள்ளலாம் என்பதை உலகத்துக்குக் காட்டிய சம்பவம் அது. எக்ஸிமா உள்ள பிள்ளைகளுக்கும், புண்பட்ட தோலிலும் பாதாம், வேர்க்கடலை, பால், கோதுமை போன்றவற்றைப் பூசாமல் இருப்பது புத்திசாலித்தனம்.

எத்தனை நாள் கெடாது?

விதி ஒன்றுதான், தண்ணீர் இருந்தால் கெடும். தயிர், காபிச் சக்கை, தேன் கலந்து தண்ணீர் விட்டது எதுவானாலும் அன்றைக்கே முடித்துவிட வேண்டும். சர்க்கரையும் எண்ணெயும் மட்டும் சேர்த்த கலவையை மூடி இறுக்கமான பாட்டிலில் இரண்டு வாரம் வைக்கலாம். ஆனால், ஈரக் கையை உள்ளே விட்டால் அந்த இரண்டு வாரம் கணக்கில் வராது. ஊறுகாய் ஜாடிக்கு உள்ள சட்டம்தான், காய்ந்த ஸ்பூன் மட்டும். வாடை மாறினாலோ, நிறம் மாறினாலோ கொட்டிவிட வேண்டும்.

பீர்க்கங்காய் நார் பயன்படுத்துபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. பாத்ரூமிலேயே ஈரமாகத் தொங்கும் நார் கிருமிகளின் வீடு. குளித்ததும் பிழிந்து வெயிலில் போட வேண்டும், சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

வீட்டு ஸ்க்ரப்புக்கு ஒரு பெரிய பிளஸ்

கடையில் விற்கும் ஸ்க்ரப்களில் ஒரு காலத்தில் பாலித்தீனால் செய்த நுண்மணிகள் தாராளமாக இருந்தன. கழுவியதும் அவை சாக்கடை வழியே ஆறு, கடல் என்று போய்ச் சேர்ந்தன. அளவில் மிகச் சிறியவை என்பதால் கழிவுநீர் நிலையங்களில் முழுமையாக வடிகட்டவும் முடியவில்லை. இதனால் அமெரிக்கா 2015-ல் இதற்கெதிராகச் சட்டம் இயற்றியது. பிரிட்டனில் 2018-ல் தடை வந்தது. சர்க்கரை, பயறு மாவு இரண்டிலும் இந்தத் தலைவலி கிடையாது. கடையில் வாங்குபவர்கள் லேபிளில் ‘பாலிஎத்திலீன்’ என்று இருக்கிறதா எனப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

அடிக்கடி எழும் கேள்விகள்

*ஸ்க்ரப் போட்டால் வெள்ளையாகலாமா?*

முடியாது. நிறத்தைத் தீர்மானிக்கும் மெலனினை உருவாக்கும் செல்கள் எபிடெர்மிஸின் அடி வரிசையில் இருக்கின்றன. மேலே உதிரும் செல்களைத் தேய்ப்பதால் அவை மாறாது. மாநிறம், கறுப்பு நிறத் தோலில் சின்ன எரிச்சலும் கருந்தழும்பாக மாறும் வாய்ப்பு அதிகம். அதனால் நம் ஊர்த் தோலுக்கு எப்போதும் மிதம்தான் சரி.

*கல்யாணத்துக்கு முதல் நாள் ஸ்க்ரப் செய்யலாமா?*

புதுப் பொருளை முதல் நாள் முயற்சி செய்யவே கூடாது. குறைந்தது மூன்று, நான்கு நாள் முன்பே முடித்துவிடுங்கள். சிவந்தாலும் ஆறுவதற்கு நேரம் இருக்கும்.

*இதையே முகத்துக்கும் போடலாமா?*

சர்க்கரையும் காபியும் வேண்டாம். முகத் தோல் மெல்லியது. நன்றாகச் சலித்த பயறு மாவு மட்டும், தேய்க்காமல் தடவிக் கழுவினால் போதும். பரு இருந்தால் அதுவும் வேண்டாம்.

*ஸ்க்ரப்பே போடாவிட்டால் என்ன ஆகும்?*

ஒன்றும் ஆகாது. தோல் தானாகவே உதிரும், தானாகவே புதுப்பிக்கும். ஸ்க்ரப் ஒரு சுகம், கட்டாயம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை கப் சர்க்கரை, கால் கப் எண்ணெய், பத்து நிமிடம். முழங்கை மிருதுவானால் சந்தோஷம். கழுத்துக் கறுப்பு மட்டும் எத்தனை வாரமானாலும் அப்படியே இருக்கிறதா? சர்க்கரை டப்பாவை மூடிவிட்டு, சர்க்கரை அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.